நீதிபதி படிக்காவிட்டாலும் சாட்சி படிப்பார்

நான் பல ஆண்டுகள் கோர்ட் செய்தியாளனாகக் குப்பை கொட்டியவன் என்று போன இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பிடித்துக்கொண்டுதான். சரி, இந்த முறை முழுக்க கோர்ட் பக்கமே போவோம். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லாருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

அண்ணே, என் அக்கா மகன்மீது ஏமாற்றுக் குற்றச்சாட்டு வந்தது. மறுநாளே பெயர், வயது, முகம் எல்லாம் பத்திரிகையில். ஒரு வருடம் கழித்து அரசுத் தரப்பே குற்றச்சாட்டை மீட்டுக்கொண்டது. அதைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லை. இப்போது அவன் வேலைக்கு மனு போட்டால், கூகலில் அந்தப் படம்தான் முதலில் வந்து நிற்கிறது. பத்திரிகைமீது வழக்குப் போடலாமா?
– ஈசூன் வாசகி

தங்கச்சி, முதலில் பையன் கையில் இருக்கும் கோர்ட் தாளை எடுத்துப் பாருங்கள். அரசுத் தரப்பு விலகிக்கொள்வதில் இரண்டு வகை உண்டு. விடுதலைக்கு நிகரான விடுவிப்பு என்றால் கதை முடிந்தது, அதே குற்றச்சாட்டோடு மறுபடி வர முடியாது. விடுதலைக்கு நிகராகாத விடுவிப்பு என்றால் இப்போதைக்குப் போகலாம், பிறகு திரும்பக் கூப்பிடவும் வாய்ப்புண்டு. எது என்று வக்கீலிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். இது தெரியாமல் ஆசிரியரிடம் சண்டைக்குப் போனால் ஒரே நிமிடத்தில் மடக்கிவிடுவார்.

வழக்குப் போடலாம், ஆனால் நிற்காது. கோர்ட்டில் நடந்ததை நடந்தபடி, உடனுக்குடன், சரியாக எழுதிய செய்திக்கு அவதூறுச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. அன்றைக்கு அவன்மீது குற்றம் சாட்டப்பட்டது உண்மைதானே. பழைய இணைப்பை நீக்கச் சொல்லிக் கேட்க ஐரோப்பாவில் சட்டப்படி உரிமை இருக்கிறது, இங்கே அது இல்லை.

ஏன் இப்படி நடக்கிறது என்பதை உள்ளே இருந்து பார்த்தவன் சொல்கிறேன். ஹேவ்லாக் சாலையில் எண்கோணக் கட்டடத்தில் கோர்ட் இருந்த காலம். புதிதாகக் குற்றம் சாட்டப்படுகிறவர்களைக் காலையில் 26ஆம் எண் நீதிமன்றத்துக்குத்தான் கொண்டுவருவார்கள். எல்லாப் பத்திரிகைக்காரர்களும் அங்கே தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். குற்றச்சாட்டுத் தாளில் பெயர், வயது, தேதி, இடம், தொகை, சட்டப் பிரிவு எல்லாம் இருக்கும். அரை மணி நேரத்தில் செய்தி தயார். உள்ளே கேமராவுக்கு இடமில்லை என்பதால் புகைப்படக்காரர்கள் வெளியே நடைபாதையில் காத்திருப்பார்கள். பிணை கிடைத்தவர் ஒரு கோப்பை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு டாக்சியைப் பார்த்து ஓடுவார். மனைவி செருப்பு கழல, பின்னாலேயே. அந்தப் படம் கிடைத்துவிட்டால் அன்றைய பிழைப்பு முடிந்தது.

அப்புறம் அந்த வழக்கு தள்ளித் தள்ளிப் போகும். விசாரணைக்கு முந்தைய பேச்சுகள் மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கும். ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், அரசுத் தரப்பு வழக்கறிஞர் எழுந்து மீட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டு உட்காருவார். இரண்டு நிமிட வேலை. அந்த நேரத்தில் அங்கே ஒரு செய்தியாளரும் இருக்க மாட்டார், எல்லாரும் வேறு அறையில் புது ஆளின் குற்றச்சாட்டுத் தாளைப் படித்துக்கொண்டிருப்பார்கள். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, ஆள் பற்றாக்குறைதான். முகம் கெட்டுப்போனவனுக்கு அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

நான் ஆசிரியர் கூட்டங்களிலும் இதைத்தான் கத்தினேன். முதல் நாளைப் போட்ட பத்திரிகை கடைசி நாளையும் போட வேண்டும், அதே பக்கத்தில், அதே அளவில். பின்தொடர ஆள் இல்லை என்றால் முதல் நாள் முகத்தைப் போடாதே. சட்டம் இதைக் கட்டாயமாக்கவில்லை, பத்திரிகைக்காரனின் மனசாட்சிக்கு விட்டிருக்கிறது. மனசாட்சிக்கும் அச்சுக்குப் போகும் நேரத்துக்கும் நடக்கும் சண்டையில் எது ஜெயிக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

இப்போது செய்ய வேண்டியது: கோர்ட் ஆவணத்தின் நகலோடு, கோபமில்லாமல் ஒரு பக்கத்தில் ஆசிரியருக்கு எழுதுங்கள். செய்தியை நீக்குங்கள் என்று கேட்காதீர்கள், பெரும்பாலும் மறுப்பார்கள். அதே செய்தியின் தலையில், இந்தத் தேதியில் குற்றச்சாட்டு மீட்டுக்கொள்ளப்பட்டது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பலர் சம்மதிப்பார்கள். வேலை கொடுப்பவர் கூகலில் தேடினாலும் அந்த வரியும் சேர்ந்து கண்ணில் படும்.

சிங்கப்பூரில்தான் ஜூரி கிடையாதே. நீதிபதி படித்தவர், பத்திரிகை படித்து ஏமாந்துபோகிறவர் அல்ல. பிறகு நடக்கும் வழக்கைப் பற்றிப் பேசினால் என்ன கெட்டுவிடும்?
– ஜூரோங் வெஸ்ட் வாசகர்

நல்ல கேள்வி ஐயா. ஜூரி முறை இங்கே 1960இல் மரண தண்டனை வழக்குகளுக்கு மட்டும் என்று சுருங்கி, 1969இல் அதுவும் ஒழிந்தது. முன்னாள் முதலமைச்சரும் வக்கீலுமான டேவிட் மார்ஷல் எதிர்த்து வாதாடிப் பார்த்தார், நடக்கவில்லை. ஆகவே நம் ஊரில் ஒருவர் குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்பவர் நீதிபதி. அவர் செய்தித்தாளை ஒதுக்கிவைத்துவிட்டு ஆதாரத்தை மட்டும் பார்க்கப் பழகியவர்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஆதாரம் எங்கிருந்து வருகிறது? சாட்சியிடமிருந்து. அவர் சட்டம் படித்தவர் இல்லை. ஒரு காப்பிக்கடைக் கைகலப்பு வழக்கு நினைவுக்கு வருகிறது. பானம் கலக்குபவர் அரசுத் தரப்புச் சாட்சி. போலீசிடம் முதல் நாள் சொன்னது, அடித்தவர் கொஞ்சம் உயரம், முகம் சரியாகப் பார்க்கவில்லை என்று. மாதங்கள் கழித்துச் சாட்சிக் கூண்டில் நின்றபோது துளி சந்தேகமில்லாமல் குற்றம் சாட்டப்பட்டவரைக் கைகாட்டினார். எதிர்த்தரப்பு வக்கீல் அவசரப்படவில்லை. இவருடைய முகத்தை முதன்முதலில் தெளிவாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார். அந்த மனிதர் வெள்ளந்தியாகச் சொன்னார்: "பேப்பர்ல வந்துச்சே, அப்பதான்." பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. படத்தில் பார்த்த முகம் போய் ஞாபகத்தில் உட்கார்ந்துவிட்டது. எந்த நீதிபதி வந்தாலும் அந்த ஞாபகத்தைப் பழையபடி ஆக்க முடியாது.

இதற்காகத்தான் நீதி நிர்வாகப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2016இல் நிறைவேறி, 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நிலுவையில் இருக்கும் வழக்கின் முடிவை முன்கூட்டியே தீர்மானிக்கும் விதத்தில் எதையாவது வெளியிட்டு, அதனால் அந்த வழக்குக்குப் பாதகம் வரும் உண்மையான அபாயம் இருந்தால் அது நீதிமன்ற அவமதிப்பு. உயர் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டால் 100,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மேல்முறையீடு நடந்துகொண்டிருந்தால் வழக்கு முடியவில்லை என்றுதான் அர்த்தம். பலர் இதில்தான் சறுக்குகிறார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் கிறிஸ்டஃபர் ஜெஃப்ரிஸ் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியரை, அவர் வீட்டில் குடியிருந்த பெண் கொலையானபோது 2010 கடைசியில் கைது செய்தார்கள். அவருடைய தலைமுடி, நடை, குணம் எல்லாவற்றையும் வைத்துப் பத்திரிகைகள் அவரைக் கொலைகாரராகவே ஆக்கிவிட்டன. கொன்றது வேறு ஆள். 2011இல் நீதிமன்ற அவமதிப்புக்காக டெய்லி மிரர் 50,000 பவுண்டும் சன் 18,000 பவுண்டும் அபராதம் கட்டின. கவனியுங்கள், ஜெஃப்ரிஸ்மீது கடைசிவரை குற்றச்சாட்டே பதிவாகவில்லை. ஜூரியோ நீதிபதியோ அவரைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் ஊர் பார்த்துவிட்டது.

எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில், பக்கத்து புளோக்கில் கைதானவரைப் பற்றிப் பேசலாமா?
– செங்காங் வாசகி

பத்திரிகையில் வந்த கோர்ட் செய்தியைப் பகிரலாம். அதற்குக் கீழே "இவன்தான் செய்தான், எனக்குத் தெரியும்" என்று எழுதாதீர்கள். பழைய கதை, போலீசிடம் சாட்சி சொன்னவர் யார் என்ற துப்பு, இதெல்லாம் கூடவே கூடாது. பொதுமக்களில் ஒரு பிரிவினரிடம் பரப்பினாலும் சட்டத்தின் பார்வையில் அது வெளியீடுதான். பெரிய குழு என்றால் இன்னும் ஜாக்கிரதை.

2013 டிசம்பர் 8ஆம் தேதி ராத்திரி லிட்டில் இந்தியாவில் கலவரம் நடந்தபோது நம் கைத்தொலைபேசிகளுக்கு வந்த காணொளிகளை நினைத்துப் பாருங்கள். ரேஸ் கோர்ஸ் சாலையில் நம் தமிழக ஊழியர் ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்தார். பேருந்து ஓட்டுநர் கொலைகாரர் என்று ஒரு பக்கம், ஊழியர் கூட்டமே குடிகாரக் கூட்டம் என்று இன்னொரு பக்கம். விடிவதற்குள் இரண்டு தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. பின்னால் விசாரணைக் குழு அது விபத்து என்றது. கலவரத்துக்காகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 25 பேர்தான், தெருவில் இருந்த எல்லாரும் இல்லை. அந்த விசாரணைக் குழு அறிக்கையை உங்கள் குழுவில் யாராவது பகிர்ந்தார்களா?

பெற்ற மகளையே சீரழித்தவன் பெயரைப் பத்திரிகைகள் மறைக்கின்றன. திருடனின் பெயரை மட்டும் போடுகின்றன. இது என்ன நியாயம்?
– பிடோக் வாசகர்

அவனைக் காப்பாற்றுவதற்காக இல்லை. அவன் பெயரைப் போட்டால் மகள் யார் என்று அந்த புளோக்குக்கே தெரிந்துவிடும். பாலியல் குற்ற வழக்குகளில் புகார் கொடுத்தவரின் அடையாளத்தை வெளியிடத் தடை உண்டு. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் சம்பந்தப்பட்டால் பள்ளிக்கூடப் பெயர்கூடப் போடக் கூடாது. குற்றம் நிரூபணமானால் அவனுக்குக் கடுமையான தண்டனை கிடைக்கும். "யார் என்று எனக்குத் தெரியும்" என்று கருத்துப் பகுதியில் துப்புக் கொடுக்கிறார்களே, அவர்கள்மீதும் சட்டம் பாயும்.

முன்னாள் அமைச்சர் ஈஸ்வரன்மீது 35 குற்றச்சாட்டு என்று எழுதினார்கள். கடைசியில் 12 மாதம்தான். ஊடகம் ஊதிப் பெருக்கியதா, கோர்ட் குறைத்ததா?
– பொங்கோல் வாசகர்

இரண்டும் இல்லை. 35 என்ற எண்ணிக்கை சரி. ஆனால் குற்றச்சாட்டு என்பது அரசுத் தரப்பு சொல்வது, அதற்கு மேல் ஒன்றுமில்லை. 2024 செப்டம்பர் 24, விசாரணை தொடங்க வேண்டிய நாள். அன்று காலையிலேயே இரண்டு ஊழல் குற்றச்சாட்டுகளை, அரசு ஊழியர் விலைமதிப்புள்ள பொருளைப் பெற்றார் என்ற தண்டனைச் சட்டத்தின் 165ஆம் பிரிவுக்கு மாற்றினார்கள். அவர் 5 குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டார். மீதி 30ஐயும் தண்டனை விதிக்கும்போது கருத்தில் கொண்டார்கள். அரசுத் தரப்பு கேட்டது 6 முதல் 7 மாதம். நீதிபதி வின்சென்ட் ஹூங் அக்டோபர் 3ஆம் தேதி கொடுத்தது 12 மாதம்.

தேக்காவில் அந்த ஆண்டின் ஆரம்பத்திலேயே சிலர் அவருக்குப் பத்து வருடம் என்றும், வேறு சிலர் வெறும் அபராதம் என்றும் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குற்றச்சாட்டுப் பட்டியலை முதல் நாள் படித்துவிட்டு, பிரிவு மாறியதைப் படிக்காமல் விட்டவர்களுக்குத்தான் இன்றைக்கும் கணக்கு உதைக்கிறது.

பாகவதர் வழக்கைப் பற்றி என் அப்பா ஓயாமல் பேசுவார். பத்திரிகையால் கெட்டார் என்பார். உண்மையா?
– தெலுக் பிளாங்கா மூத்த வாசகர்

அப்பா சொன்னது பாதி சரி ஐயா. அந்த வழக்கில் பத்திரிகைக்காரர்தான் கொலையுண்டவர். லட்சுமிகாந்தன் 'சினிமா தூது' என்றும் பிறகு 'இந்து நேசன்' என்றும் மஞ்சள் பத்திரிகை நடத்தி, நடிகர் நடிகைகளின் அந்தரங்கத்தை எழுதியே காசு பார்த்தவர். எந்த கோர்ட்டும் விசாரிக்காத விஷயத்துக்கு வாராவாரம் அவரே தீர்ப்பு எழுதினார். 1944 நவம்பர் 8ஆம் தேதி சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போகும்போது கத்திக்குத்து, மறுநாள் உயிர் போனது. எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள்.

தமிழ்நாட்டில் அந்த இருவரின் முகம் தெரியாத ஆள் கிடையாது. அப்படிப்பட்டவர்களை ஜூரி வைத்து விசாரித்தால், மனசில் ஒரு முடிவும் இல்லாத ஜூரியை எங்கே போய்ப் பிடிப்பது? 1945இல் ஜூரி குற்றவாளி என்றது, தண்டனை ஆயுளுக்கும் தீவாந்திரம், அதாவது நாடுகடத்தல். அப்போது கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு திரும்பவும் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்து, 1947 ஏப்ரலில் இருவருமே விடுதலை. சிறையில் கழிந்தது ஏறக்குறைய இரண்டரை வருடம். கலைவாணர் கிருஷ்ணன் மறுபடி எழுந்து நின்றுவிட்டார். பாகவதருக்குப் பழைய கொடி திரும்ப ஏறவே இல்லை, 1959இல் காலமானார். அவர் நிரபராதி என்று கோர்ட் சொல்லியே பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது.

அந்தக் காலத்தில் சிங்கப்பூர்ப் பத்திரிகைகள் கோர்ட் வழக்குகளைப் பற்றி இஷ்டம்போல எழுதினவாமே? இப்போதுதான் கட்டுப்பாடு அதிகமோ?
– கிளமெண்டி, பல்கலைக்கழக மாணவி

எழுதினார்கள் அம்மா, 18 பேர் செத்தார்கள். மரியா ஹெர்டோக் வழக்கு, மலாய்க்காரர்கள் நத்ரா என்பார்கள். போர்க்காலத்தில் சே அமினா என்பவரிடம் வளர்ந்து முஸ்லிமான டச்சுப் பெண். 13 வயதில் கல்யாணம். பெற்றவர்கள் திருப்பிக் கேட்டார்கள். 1950 டிசம்பர் தொடக்கத்தில் திருமணம் செல்லாது, பெண் பெற்றோரிடம் போக வேண்டும் என்று தீர்ப்பு. மேல்முறையீட்டுக்குக் காத்திருந்த நாட்களில் அந்தப் பிள்ளையை தாம்சன் சாலை கன்னிமடத்தில் வைத்தார்கள். அது ஒரு தவறு. அதைவிடப் பெரிய தவறு, அங்கே புகைப்படக்காரர்களை உள்ளே விட்டது. கன்னியாஸ்திரியின் கையைப் பிடித்திருக்கும் நத்ரா, மாதா சிலை முன்னால் மண்டியிட்ட நத்ரா என்று பத்திரிகைகளில் படம் வந்தது. ஒரு பத்திரிகை சந்தோஷமாக இருக்கிறாள் என்று எழுதியது, இன்னொன்று அழுகிறாள் என்று எழுதியது. நத்ரா நடவடிக்கைக் குழுவை நடத்திய கரீம் கனியும் பத்திரிகையாளர்தான். டிசம்பர் 11ஆம் தேதி மேல்முறையீடு சில நிமிடங்களில் முடிந்தது. வெளியே பாடாங்கில் கூட்டம் காத்திருந்தது. மூன்று நாள் கலவரம், 173 பேர் காயம்.

அந்த வழக்கில் நீதிபதி படத்தைப் பார்த்து மனம் மாறினார் என்று யாரும் சொல்லவில்லை. தீர்ப்பு முன்பே வந்துவிட்டது. தெருவில் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் வெள்ளைத் தோலாக இருந்த ஒரே காரணத்துக்காக அடிபட்டார்கள்.

அமைச்சர் பேசலாம், நாங்கள் பேசினால் அவமதிப்பா?
– அங் மோ கியோ வாசகர்

சுருக்கென்று கேட்டுவிட்டீர்கள். நிலுவையில் உள்ள வழக்கைப் பற்றிப் பொதுநலனுக்குத் தேவை என்று அரசாங்கம் கருதினால் அதன் சார்பில் அறிக்கை விடலாம், அது அவமதிப்பாகாது என்று நீதி நிர்வாகப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. 2016இல் நாடாளுமன்றத்தில் விவாதம் காரசாரமாக நடந்தது. 72 பேர் ஆதரவு, பாட்டாளிக் கட்சியின் 9 பேர் எதிர்ப்பு. கலவரம் போன்ற சமயத்தில் அரசு வாயைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது என்ற வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் சாட்சிகள் எங்கள் பத்திரிகையை மட்டுமா படிக்கிறார்கள்? அமைச்சர் பேசியதையும்தான் படிக்கிறார்கள், இன்னும் கவனமாக. அந்த விதிவிலக்கை முடிந்தவரை பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது என்பது என் கட்சி.

தீர்ப்பு வந்து, மேல்முறையீடும் முடிந்த பிறகு தாராளமாகப் பேசுங்கள். நியாயமான விமர்சனத்துக்குத் தடையில்லை. முதலாளி வீட்டில் திருடியதாகத் தண்டிக்கப்பட்ட பணிப்பெண் பார்த்தி லியானியை உயர் நீதிமன்றம் 2020 செப்டம்பரில் விடுவித்தபோது ஊரே பேசியது. போலீஸ் எப்படி விசாரித்தது, கீழ்க் கோர்ட் எப்படித் தண்டித்தது என்று நாடாளுமன்றம் வரை போனது. பேச வேண்டிய நேரத்தில் பேசினார்கள்.

ஐயா, ஒரு நாள் கோர்ட்டுக்குப் போய் உட்கார்ந்து பார்க்க ஆசை. விடுவார்களா? ஓய்வுபெற்றுவிட்டேன், நேரம் நிறைய இருக்கிறது.
– தோ பாயோ வாசகர்

தாராளமாகப் போங்கள். சில வழக்குகளை மூடிய அறையில் நடத்துவார்கள், மற்றதெல்லாம் திறந்த நீதிமன்றம்தான். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். சைனாடவுன் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தால் கோர்ட்டின் 35 மாடிக் கட்டடம் கண்ணில் படும். அன்றைய வழக்குப் பட்டியலை முதல்நாளே நீதிமன்ற இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அரைக்கால் சட்டை, ஜப்பான் செருப்பு வேண்டாம். நுழைவாயிலில் பையைச் சோதிப்பார்கள். நீதிபதி வரும்போது எழுந்து தலை வணங்க வேண்டும். கைத்தொலைபேசியில் படமோ குரலோ பதிவு செய்தால் அதுவே அவமதிப்பு, பேரப்பிள்ளைக்குக் காட்டத்தான் எடுத்தேன் என்றாலும் விட மாட்டார்கள். இணையவழி விசாரணைக்கும் இதே கதைதான்.

கொலை வழக்கைத் தேடி ஓடாதீர்கள், அது உயர் நீதிமன்றத்தில், அங்கே கூட்டமாக இருக்கும். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வழக்கு ஒன்றில் உட்காருங்கள். வழக்கின் விவரங்களை வரிவரியாக வாசிப்பார்கள். தமிழ் மட்டும் தெரிந்தவர் என்றால் மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நின்று சொல்வார். எல்லாவற்றையும் நிபந்தனையில்லாமல் ஏற்கிறீர்களா என்று கேட்பார்கள். "ஏற்கிறேன், ஆனால் அவன்தான் முதலில் தள்ளினான்" என்று அவர் இழுத்தால் நீதிபதி அங்கேயே நிறுத்திவிடுவார். பத்திரிகையில் வந்த விவரம் பொய் என்று குடும்பத்தார் எனக்கு எழுதும் கடிதங்களில் பெரும்பாலானவை, அந்த மனிதர் தலையாட்டி ஏற்றுக்கொண்ட வரிகளைப் பற்றித்தான்.

மதியம் கோர்ட் கலையும்போது பசிக்கும். எதிரே பீப்பிள்ஸ் பார்க் பக்கம் போனால் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன, வக்கீல்களும் அங்கேதான் வருவார்கள். காலையில் பார்த்த வழக்கைப் பற்றி அவர்களிடம் வாயைக் கொடுக்காதீர்கள், பக்கத்து மேசையில் சாட்சி உட்கார்ந்திருக்கலாம்.